கேட்காமல் போட்ட கோடு

பதிவேட்டில் வெற்றிலைக்கு ஒரு கட்டம்,
புகைத்தலுக்கு ஒரு கட்டம்,
அடுத்தது மதுபானம்.
பதினாலு வருடமாக அந்தக் கட்டத்தில்
ஒரே கோட்டைத்தான் இழுத்து வந்திருக்கிறேன்.
பேனை நிற்காது. கண் நிமிராது.
எங்கட பெண்டுகள் குடிக்கிறேல்லை என்பது
நான் கேட்டறிந்த பதிலல்ல,
கேட்க வெட்கப்பட்ட கேள்வி.

பங்குனி. சில்லாலையில் வெங்காயம் கிண்டும் நாள்.
ஸ்கூட்டியை வேலியோடு சாத்திவிட்டு
திரிபோஷாவும் தராசுமாய் உள்ளே போனேன்.
ஜெசிந்தா தோட்டத்தால் வந்து கால் கழுவினாள்.
இருபத்திரண்டு கிழமை.
போன மாதம் நின்ற இடத்திலேயே நிறைமுள்.
வெற்றிலை? இல்லை.
புகை? சிரித்தாள்.
நான் கோட்டை இழுத்தேன்.

தலைகீழாய்த் தெரிந்ததை
அவள் எழுத்துக்கூட்டி வாசித்திருக்க வேண்டும்.
"மிசி, அதை நீங்கள் என்னட்டக் கேக்கேல்லையே."

தராசில் ஒரு கோழி ஏறி நின்றது.
துரத்தினேன்,
தேவைக்கு அதிகமான நேரம் துரத்தினேன்.

"பின்னேரத்தில ஒரு பிளா. சிலநேரம் ரெண்டு.
குனிஞ்சு குனிஞ்சு நாரி முறியுது,
படுத்தா நித்திரை வராது.
கள்ளுத்தானே, குளிர்ச்சி எண்டு இவர் சொல்லுறார்.
சாராயம் எண்டா நானே தொடமாட்டன்."

பயிற்சியில் படித்தது
படமும் அம்புக்குறியுமாய் நினைவில் வந்தது,
வார்த்தையாய் வரவில்லை.
அடுப்படி வாசலில் இரண்டு முட்டிகளைக் கண்டேன்.
ஒன்றின் உள்வயிறு சுண்ணாம்பு வெள்ளை,
மற்றது வெறும் கறுப்பு.

"அது கருப்பநீர், இது கள். மரம் ஒண்டுதான்.
சுண்ணாம்பு படாததில பொங்கி வாறது எதுவோ
சாராயத்திலயும் அதுதான், பியரிலயும் அதுதான்.
உன்ர ரத்தத்தில ஏறினா கொடியால பிள்ளைக்கும் இறங்கும்.
நீ விடியமுன்னம் தெளிஞ்சிடுவாய்.
பிள்ளையின்ர ஈரல் இன்னும் வேலை பழகேல்லை,
நீ தெளிஞ்ச பிறகும் அது அதுக்குள்ளயே கிடக்கும்.
வளர்த்தி குறையலாம். மூளை பழுதாகலாம்.
பள்ளிக்கூடத்தில எழுத்து மனசில நிக்காது,
ஏனெண்டு தெரியாமல் பிள்ளையை அடிப்பினம்."

கடைசி வரி யோசித்துச் சொன்னதல்ல.
ஒரு பெடியனின் பெயர் தொண்டைவரை வந்து நின்றது.
அவன் தாய்க்கும் நான்தான் கோடு போட்டது.
அவனுக்கு இதனால்தான் என்று சொல்ல
என்னிடம் ஆதாரம் இல்லை.
கோடு மட்டும் இருக்கிறது.

"அரைப் பிளா?" என்றாள்.
இவ்வளவு பரவாயில்லை என்ற அளவு
ஒருத்தருக்கும் தெரியாது, என்றேன்.
"அப்ப போன மாதங்கள்?"
வாய் திறந்து, மூடி, திறந்தேன்.
"தெரியேல்லை, ஜெசிந்தா.
இண்டைக்கு விட்டா இண்டையில இருந்து நல்லது.
அது மட்டும் தெரியும்."

அழுவாள் என்று பார்த்தேன்.
கறுப்பு முட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.
"நித்திரைக்கு என்ன செய்யிறது?"

அதற்குப் பதிவேட்டில் கட்டமில்லை.
நாரிநோவுக்குப் பண்டத்தரிப்பு டொக்டருக்குத் துண்டு எழுதினேன்.
புருசனை ஒழுங்கை முனையில் மறித்துச் சொன்னேன்.
சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டான்,
ஆனால் கேட்டான்.
கோட்டை அழிக்க முடியவில்லை, பேனை மை.
அதன் மேலேயே எழுதினேன்.

அடுத்த வீடு மாடிவீடு. வங்கியில் வேலை.
கனடாவால் வந்த தமையன் கொண்டுவந்த வைன் போத்தல்
கண்ணாடி அலுமாரியில், கழுத்து ரிபன் அவிழ்ந்தபடி.
கேட்டேன்.
"எங்கட வீட்டிலயோ, மிஸ்?" என்று புருசன் சிரித்தார்.
நான் அவரைக் கேட்கவில்லை.

அவள் இல்லை என்றாள்.
சொல்ல நாலு விநாடி எடுத்தது.
முந்தி என்றால் அந்த நாலு விநாடியையும்
நானே நிரப்பியிருப்பேன்.

பேனையை மூடினேன்.
புருசனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.
அவர் உள்ளே போனார்.